கேள்வித்தாளை முதலில் வாசிக்கவும்

1

இந்தக் கதை பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் பிறந்தது. பிறந்தபோது அது கதை இல்லை, வெறும் வாக்குவாதம். வருஷாவருஷம் மே மாதத்தில் பத்தாம் வகுப்பு முடிவு வரும். ஏறத்தாழ எல்லாருமே ஜெயித்துவிட்டதாகப் பத்திரிகை சொல்லும். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் என் போன்ற கிழவர்கள் கூடி, அந்தக் காலத்துப் பரீட்சை எவ்வளவு கஷ்டம் என்று ஆளுக்கொரு பொய் சொல்வார்கள்.

நான் சொன்னது பொய் இல்லை. நான் எழுதிய வருஷம் கேள்வித்தாள் ஏற்றிவந்த லாரி அமரவிளை ஏற்றத்தில் நின்றுவிட்டது. சமூக அறிவியலை இறக்கிப் பார்த்தார்கள், நகரவில்லை. இங்கிலீஷை இறக்கினார்கள், ஓர் உறுமல் உறுமியது. கணக்கை இறக்கினார்கள், ஏறிவிட்டது. கணக்கைத் தனியாகக் காளை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காளை எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் போயிற்று.*

(* இரண்டு காளை என்று என் நண்பர் ஞானையன் சொல்வார். அவருக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு.)

ஒன்று கவனித்திருக்கிறேன். எழுதி முடித்த பரீட்சை வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. என்னுடையது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மிகவும் கஷ்டமானது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அடிக்காமல் இங்கே விட்டுவைக்கிறேன்.

"மார்ச் மாதத்து வெயில் பள்ளிக்கூடத்து ஓட்டின்மேல் உருகி—"

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நான் இரண்டாம் வரிக்கு மேல் வாசித்ததில்லை.

"எலிசாள் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றுப்போனவள் என்பது ஊருக்கே—"

இதுவும் வேண்டாம். இது ஞானையன் எழுத வேண்டிய வாக்கியம். நாற்பது வருஷமாக அவர் வாயால் எழுதிக்கொண்டும் இருக்கிறார்.

"அறுபதாவது வயதில் எலிசாள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதென்று முடிவு செய்தாள்."

இது போதும். எல்லாம் இதில் இருக்கிறது. எலிசாள் ஞானையனின் மனைவி. நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டு முன்னறையில் ஒரு தையல் யூனிட் நடத்துகிறாள். சுற்றுவட்டாரத்தில் பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்த யூனிஃபார்மில்தான் போகிறார்கள். அவள் மட்டும் 1980-இல் கணக்கில் விழுந்தாள், எழவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அறுநூறுக்கு இருநூற்றுப் பத்து எடுத்தால் பாஸ் என்றிருந்த காலத்தில் இருநூற்றுப் பதினாறு எடுத்தவர்.

படிப்பை விட்டவர்கள் வயதான பிறகு எழுதுவதற்கென்று கேரளத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பரீட்சை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. எலிசாள் போனாள்.

3

மாதிரிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று அவள் புருஷனிடம் சொன்னாள்:

"முதல் பதினஞ்சு நிமிஷம் எழுதப்பிடாது, கேட்டியளா? கூல் ஆஃப் டைம். கேள்விய வாசிச்சிட்டு சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கணுமா?"

"ஆமா."

"ஃபேனுக்குக் கீழ சும்மா இருக்கதுக்கும் மார்க்கு உண்டா?" ஞானையனுக்கு இது அகப்பட்டதில் பரம சந்தோஷம். "எங்களுக்கெல்லாம் மணி அடிச்சா எழுதணும். கேள்விய வாசிக்கவே நேரம் கெடையாது பாத்துக்க. கூலாம் கூலு. டீ குடுப்பானுவளா?"

எலிசாள் தையல் மெஷினை மிதித்தாள்.

"நீ ஜெயிப்பட்டி. இப்பம் உள்ளதெல்லாம் எளுப்பம்லா."

"தோத்தா?"

"இம்புட்டு எளுப்பமானதுலயும் தோத்துட்டியேன்னு சொல்லுவேன்."

மெஷின் நின்றது. "பூ விழுந்தாலும் உங்களுக்கு, தலை விழுந்தாலும் உங்களுக்கு. நல்ல கணக்காக்கும்."

"நான் கணக்குல பாஸானவனாக்கும்."

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஞானையனை வில்லனாக்கிக்கொண்டிருக்கிறேனோ? அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் அவளை வகுப்புக்குக் கொண்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் காத்திருப்பார். பரீட்சை நெருங்கிய வாரங்களில் டி.வி.யைச் சத்தமில்லாமல் பார்த்தார். அதில் வரும் எல்லாருடைய உதட்டசைவும் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு மந்திரி மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்பதைக்கூடச் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில்தான் ஆள் அப்படி. அந்த இருநூற்றுப் பதினாறைத் தவிர அவரிடம் பெருமைக்கு வேறு ஒன்றும் இல்லையென்று எழுதினால் அழுகை வந்துவிடும். ஆகவே எழுதவில்லை.]

எலிசாளுக்கு எது வேண்டுமென்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஜெயிக்க வேண்டும். ஜெயித்ததை முழுசாக வேண்டும். சுலபம் என்ற அர்த்தத்தில் சொல்லும் "எளுப்பம்" என்ற ஒரு சொல்லால் யாரும் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது. துணி வெட்டுகிறவளுக்கு அது தெரியும். முழுத்துணி வேறு, வெட்டு விழுந்த துணி வேறு.

4

பரீட்சைக் காட்சியை விலாவாரியாக எழுதிவிட்டுக் கிழித்துவிட்டேன். அதில் ஒரு காக்கை வந்தது. காக்கைக்கு அங்கே வேலை இல்லை.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். 1980-இல் மணி அடித்த நொடியில் எலிசாள் எழுதத் தொடங்கினாள். முதல் கணக்கு வரவில்லை. அதையே மூன்று முறை போட்டுப் பார்த்தாள்; கண்ணீரில் மை கலைந்தது; தாளின் மறுபக்கத்தில் தனக்குத் தெரிந்த கணக்குகள் இருந்ததை வெளியே வந்த பிறகுதான் பார்த்தாள்.

இந்த முறை தாளைத் திருப்பினாள். கடைசி வரைக்கும் வாசித்தாள், மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். தெரிந்தவை தெரியாதவை என்று மனசுக்குள் இரண்டு கட்டாகப் பிரித்துவைத்தாள், சட்டைத் துணி வேறு பாவாடைத் துணி வேறு என்று பிரிக்கிற மாதிரி. பயம் முதல் ஐந்து நிமிஷத்தோடு சரி. மணி அடித்தபோது அவள் பேனாவுக்குப் போகும் வழி தெரிந்திருந்தது.

5

முடிவு வந்த அன்று வகுப்பெடுத்த ஓமனா டீச்சரே வீட்டுக்கு வந்தாள். படலையைத் திறக்கும்போதே கையில் போனை உயர்த்திக் காட்டினாள்.

"எலிசாச் சேச்சி பாஸாயி. கணக்குல பி பிளஸ்."

தையல் யூனிட்டே எழுந்து நின்றது. யூனிட்டில் மூத்தவளான செல்லபாய் பாதி தைத்த யூனிஃபார்ம் சட்டை ஒன்றை எலிசாளுக்குப் பொன்னாடையாகப் போர்த்தினாள். அதற்கு இன்னும் ஒரு கை வைக்கவில்லை. அச்சப்பமும் டீயும் வந்தன. அவை வரும் நேரத்தில் நானும் வந்தேன். எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு. எல்லாரிலும் அதிகம் சந்தோஷப்பட்டவர் ஞானையன். தட்டை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய், பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் அச்சப்பம் கொடுத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"எல்லாம் கொள்ளாம், நல்லதுதான். ஆனா இப்பம் எளுப்பமாக்கும். போதாததுக்கு மாடரேஷன்னு சொல்லி மார்க்கச் சும்மா தூக்கிக் குடுத்து கரையேத்தி விடுதானுவ."

எலிசாள் கோபப்படவில்லை. உள்ளே போனாள். தான் எழுதிய கணக்குக் கேள்வித்தாள், கொஞ்சம் வெள்ளைத்தாள், ஒரு பேனா ஆகியவற்றோடு திரும்பி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எளுப்பம்லா. எழுதுங்க."

"இப்பமா?"

"நீங்க பாஸானா நான் இனி வாய தொறக்க மாட்டேன். பரீட்சை எளுப்பந்தான்னு ஊரு முழுக்க நானே சொல்லுதேன்."

துணி கத்தரிக்கும் மேஜையைக் காலி செய்தார்கள். ஓமனா டீச்சர் மேற்பார்வை. முதல் பதினைந்து நிமிஷம் கூல் ஆஃப் டைம் என்று முறைப்படி அறிவித்தாள். ஞானையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீயை எடுத்தார். எங்களுக்கெல்லாம் காளை வண்டிக் கதையைச் சொன்னார். மூன்று காளை என்றார்.

"அண்ணாச்சி, கேள்விய வாசியுங்க" என்றாள் செல்லபாய்.

"எனக்கு எதுக்குட்டி கூலு? நான் கூலாத்தான் இருக்கேன்."

செல்லபாய் டம்ளரில் ஸ்பூனால் மணி அடித்தாள். ஞானையன் தாளின்மேல் பாய்ந்தார். அந்த வேகத்தை நான் நேரில் பார்த்தேன். பேனா போன காற்றில் மேஜையில் கிடந்த நூல் துண்டுகள் எழுந்து செல்லபாயின் தலையில் அமர்ந்தன. ஒரு செங்கோண முக்கோணத்தைக் கண்டதும் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பிதாகரஸ் தேற்றத்தைப் படம் போட்டு, படிப்படியாக நிரூபித்து, ஐம்பது வருஷத்துக்கு முன் மனப்பாடம் செய்ததில் ஓர் எழுத்துப் பிசகாமல் இரண்டு பக்கம் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

எலிசாள் சிவப்புப் பேனாவால் திருத்தினாள். ஓமனா டீச்சர் கூடவே இருந்து சரிபார்த்தாள். முக்கோணத்துக்கு வந்ததும் எலிசாள் நிறுத்தி, தேற்றத்தை மெதுவாக முழுக்க வாசித்தாள்.

"எத்தற வடிவாயிட்டு எழுதியிருக்காரு" என்றாள் ஓமனா. "ஆனா கேட்டது அது இல்லையே."

"இது எனக்கு சத்தியமா மனப்பாடமா வராது" என்றாள் எலிசாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "கேள்விய வாசியுங்க."

ஞானையன் முதல்முறையாக வாசித்தார். அந்தச் செங்கோண முக்கோணத்தின் மூன்று மூலையில் மூன்று வீடுகள். மூன்று வீட்டுக்கும் ஒரே தூரத்தில் இருக்கும்படி ஒரு கிணறு வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது, ஏன்?

"எங்கயாக்கும்?" என்று கேட்டார், மெதுவாக.

"நீளமான பக்கத்துக்கு நட்டநடுவுல. அந்த இடத்த நடுவா வச்சு வட்டம் போட்டா மூணு வீடும் அந்த வட்டத்துமேல வரும்." எலிசாள் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "அந்த மூணு வீட்டுக்காரனும் தண்ணிக்கு வந்து நிக்கான். நீங்க தேற்றம் வெட்டி வச்சிருக்கிய."

செல்லபாய் சட்டைத் துணியில் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு தடவை கூட்டினார்கள். பாஸாக மூன்று மார்க் குறைவு.

எலிசாள் சிவப்புப் பேனாவை மூடவில்லை.

"எழுத்து நல்லாருக்கு" என்றாள். "படமும் நல்லாருக்கு. மூணு மார்க்கு மாடரேஷன் போட்டுத் தரலாம். வேணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

6

இதற்குமேல் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) ஞானையன் "போடு" என்கிறார். எலிசாள் போடுகிறாள். இனி டீக்கடையில், எளுப்பமான பரீட்சையில் மாடரேஷன் வாங்கிக் கரையேறியவர் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டிவரும். சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

(ஆ) ஞானையன் "வேண்டாம்" என்கிறார். அப்படியானால் தோற்றார். அடுத்த ஞாயிறு அவர் பலாமரத்தடியில் நிற்க வேண்டியதில்லை, உள்ளேயே போய் உட்காரலாம்.

(இ) அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடுகிறது. இருட்டில் ஞானையன் நழுவி— இல்லை. பட்டப்பகல். நண்பர் என்பதற்காக நான் செய்யக்கூடிய உதவிக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

(ஈ) ஞானையன் சிரித்துவிட்டு, "நீ ஜெயிச்சட்டி, முழுசா ஜெயிச்ச" என்கிறார். இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் நண்பனை எனக்குத் தெரியும். இதை அவர் சொல்வதற்கு முதலில் (அ) அல்லது (ஆ) வழியாகப் போயாக வேண்டும்.

ஆகவே முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. பதினைந்து நிமிஷம் கூல் ஆஃப் டைம். இப்போது எதுவும் எழுத வேண்டாம். மேலே உள்ளதை முதலிலிருந்து ஒருமுறை வாசியுங்கள். மூன்றாம் பகுதியில் பூவும் தலையும் யாருக்கு விழுந்தன என்று பாருங்கள். பிறகு இப்போது யாருக்கு விழுகின்றன என்று பாருங்கள்.

எலிசாளுக்கு அவசரம் இல்லை. தோளில் ஒற்றைக் கைச் சட்டையும் கையில் திறந்த பேனாவுமாக அச்சப்பம் தின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் எதை எழுதினாலும் அவளுக்குச் சம்மதம்.