மிளகும் அளவு நாடாவும்

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீதனம் ஒரு நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. கறுப்பாக இருந்ததால் மிளகு என்று பெயர். காரமும் அப்படித்தான்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் தையல்கடை என் அப்பா விட்டுப்போனது. அப்பா இருந்தவரை அளவெடுப்பது அவர் வேலை, இவர் மெஷினோடு சரி. அப்பா போய் மூன்று மாதமாக இவரே அளவெடுத்தார். மூன்று மாதமாக மிளகும் கடித்தது. காற்சட்டை தைக்க வந்த நாலு பேர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

கட்டிப் போட்டேன், கயிற்றைக் கடித்துத் துண்டாக்கியது. பின்கட்டில் அடைத்தேன், கதவைப் பிராண்டிய பிராண்டலில் வந்தவர் வாசலோடு திரும்பினார். கருவாடு போட்டேன், தின்றுவிட்டுக் கடித்தது.

ரப்பர் விலை விழுந்து, ஊரே புதுத்துணியை மறந்திருந்த சமயம். அன்று ரயில்வே கூட்ஸ் ஷெட்டின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராதாகிருஷ்ணன் வருவதாக இருந்தது. அவருக்குத் திருப்தியானால் அவருக்குக் கீழே இருக்கும் அத்தனை பேர் உடுப்பும் எங்களுக்கு. இல்லாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் மிளகை எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விட லோரிக்காரர் கன்னையாவை வரச் சொல்லியிருந்தேன். இவர் குனிந்து மெஷினை மிதித்தபடியே இருந்தார். நான் ஒரே காஜாவை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தே கால் ஓய்ந்தது.

கன்னையா வருவதற்குள் கிராணி வந்துவிட்டார்.

கழுத்து, தோள், கை அளக்கும்வரை மிளகு மெஷினடியில் பேசாமல் படுத்திருந்தது. கால் நீளம் அளக்க இவர் மண்டி போட்டார்.

"கொஞ்சம் நீளமா விடுப்பா," என்று கிராணி குனிந்து கையை நீட்டியதுதான் தாமதம், மிளகு பாய்ந்தது. நல்லவேளை, வாயில் சிக்கியது காற்சட்டை நுனிதான். நான் நாயை அள்ளி எடுத்தேன்.

"நாயா இது, பிசாசு! இத வெளிய அனுப்பும்மா, இல்லாட்டி நான் போறேன்!"

வாசலில் கன்னையா நின்றிருந்தார். நாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தங்கச்சி, இது எங்க ரவாங் எஸ்டேட்டுக் குட்டியில்ல? அங்க ஒன் வீட்டுக்காரர, இந்த ராமலிங்கத்த, மண்டி போட வச்சு கங்காணி பெரம்பால அடிச்சான். எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னோம், நானுந்தான். இந்தக் குட்டி மட்டும் ஓடிப்போயி அவன் காலக் கடிச்சுச்சு."

திரும்பிப் பார்த்தேன். இவர் தலை நிமிராமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ஒரே பாயில் படுக்கிறோம், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது: அந்தக் கங்காணி மேல், இவர் மேல், மூன்று மாதமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்த என் மேல்.

துணி வெட்டும் மேசையில் கிடந்ததையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளினேன். பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஐயா, மேச மேல ஏறுங்க."

"ஏம்மா, நான் என்ன கொலு பொம்மையா?"

"ஏறுனா கடிக்காது. நான் பொறுப்பு."

மிளகு என் கைக்குள் உறுமியது. கிராணி சட்டென்று ஏறிவிட்டார்.

நாயைக் கீழே விட்டேன். இவர் மண்டி போடாமல், நின்றபடியே கிராணியின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நாடாவைப் பிடித்தார். மிளகு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, இவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெஷினடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இங்கேருந்து பாத்தா தெருவே தெரியுது," என்றார் கிராணி. கோபம் போயிருந்தது. "அடுத்த வாரம் நம்ம ஆளுங்கள அனுப்புறேன். அவனுங்களையும் ஏத்துங்க."

கன்னையா வெறும் லோரியோடு போனார்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் காற்சட்டைக்கு அளவு கொடுக்க யார் வந்தாலும் மேசை ஏறித்தான் ஆகவேண்டும். நாய்க்காக என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.