திருப்பிப் போட்ட ஜெர்சி

...இல்லை, இது தற்செயலாக இருக்கவே முடியாது, ஒருவன் தூக்கக் கலக்கத்தில் ஜெர்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வரலாம், இரண்டு பேர்கூட வரலாம், ஒரு அணியே தையல் வெளியே தெரிய மைதானத்தில் இறங்கி ஓடுமா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அலுவலகத்தில் அவருக்கு முத்திரை மாமா என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் அவருக்குத் தெரியும். கால்பந்து லீக் நடத்தும் அவருடைய கம்பெனி கொடுத்த ஜெர்சியை லீக் ஆட்டத்துக்கு மட்டும்தான் போட வேண்டும், இப்படி ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்குப் போட்டால் நெஞ்சில் இருக்கும் சின்னம் யாருடையது என்றே ஆகிவிடும், அது பதிவு செய்த வணிக முத்திரை, கம்பெனியின் சொத்து. போடுகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. சின்னம் தெரிந்தால்தான் படம், தெரியாவிட்டால் அது வெறும் துணி. இந்த ஒரு வருஷமாக எங்கே போனாலும் வெறும் துணிதான். மேலாளர் வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னார், "என்ன சார், நீங்க போற இடத்துல மட்டும் எல்லாரும் உத்தமனா இருக்காங்க? இந்த வாரமும் வெறுங்கையோட வந்தா எனக்கே வேற மாதிரி யோசிக்கத் தோணும்." வேற மாதிரி என்றால்? கை நீட்டிக் காசு வாங்குகிறார் என்றா? இருபது வருஷம் ஒருத்தரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை, இந்த வயதில் திருடன் பட்டத்தோடு வெளியே போவதா?

யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். யார்? அலுவலக டிரைவர் என்று நினைத்துத்தான் சொந்தக் காரில் வந்தார், உதவியாளர் என்று நினைத்து அவனிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னார், மேலாளரேகூட... ச்சே, அவருக்கு இதில் என்ன லாபம், ஆனாலும் யார் கண்டது? போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தார், கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினான், நெட்டையன், கறுப்பு ஜெர்சி, அக்குளுக்குக் கீழே கிழிந்ததை யாரோ பச்சை நூலால் தைத்திருந்தார்கள். கறுப்புத் துணியில் பச்சை நூல், எந்தக் குருட்டுத் தையல்காரன் இதைச் செய்தான்? அவருக்குச் சட்டென்று தன் சட்டைக் கைமடிப்பு நினைவுக்கு வந்தது, திருப்பிப் பார்த்தார், அங்கேயும் பச்சை. ஜன்னல் திரை தைத்து மிஞ்சிய நூல்கண்டு, அது தீரும்வரை வேறு நூல் வாங்கமாட்டேன் என்று வீட்டில் மனைவி சபதம் போட்டிருந்தாள், "உள்பக்கம்தானே, யாரு பார்க்கப் போறா?" உலகத்தில் பச்சை நூல் ஒன்றுதானா இருக்கிறது, பைத்தியக்காரத்தனம். ஆனால் முடிச்சைத் தட்டையாக விட்டு மேலே குறுக்கே ஒரு தையல், அதுவும் அப்படியே. கொடியில் போன வாரம் கறுப்பாக ஒன்று தொங்கியதே, யாருது என்று கேட்டதற்கு, "என் ஃபிரெண்டோட அண்ணனுதுப்பா" என்றாளே மகள். தாயும் மகளும் சேர்ந்தா? அம்மாவுக்குத் தெரிந்திருக்காது, அவள் கிழிசலைப் பார்த்தால் தைப்பாள், யாருடையது என்று கேட்கமாட்டாள்... கேட்கமாட்டாளா?

போன் அதிர்ந்தது. மகள்தான். "அப்பா, எங்க இருக்கீங்க? தண்ணித் தொட்டி மைதானத்துலதானே?" ஒரு வருஷமாக வாரம் தவறாமல் கேட்கும் அதே கேள்வி. வீட்டில் ஒரு ஜீவனாவது நாம் எங்கே போகிறோம் என்று விசாரிக்கிறதே என்று அவர் எத்தனை முறை பூரித்துப் போயிருக்கிறார், உதவியாளரிடம் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு. அவர் வாயிலிருந்து அவரை மீறி வந்தது, "இல்லம்மா, ரயில் கேட் பக்கம் மாத்திட்டேன்." அவள் சரிப்பா என்றாள், வேறொன்றும் இல்லை. வேண்டாம், எதுவும் நடக்க வேண்டாம், டிரைவராகவே இருக்கட்டும், மேலாளராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தார்.

இடைவேளை விட்டார்கள். நெட்டையன் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான், சிரித்தான், மற்றவர்களைப் பார்த்து, "டேய், ஆள் ரயில் கேட்டுக்குப் போயிட்டாராம், திருப்பிக்கோங்கடா!" என்று கத்தினான். ஒவ்வொருவனாகக் கழற்றி உதறித் திருப்பிப் போட்டுக்கொண்டான். வெயிலில் அத்தனை நெஞ்சிலும் சின்னம் மின்னியது. போன் கேமராவை உயர்த்தினார், ஒரு வருஷம் காத்திருந்த படம், விரலை அழுத்தினால் போதும், வேலை நிலைக்கும், பெயர் நிற்கும்... அப்புறம் விசாரணையில் அந்த நெட்டையன் யார் பெயரைச் சொல்வான்? விரல் அழுத்தவில்லை. திரையின் மேலே மகளிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. "ரயில் கேட்கிட்ட நிழலே இருக்காதுப்பா, தொப்பியைக் கழட்டாதீங்க." அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். தொப்பி இருந்தது. காலையில் அலமாரியெல்லாம் தேடி அதை எடுத்துத் தலையில் வைத்து அனுப்பியவள் அவள்தான். வைத்துக்கொண்டேதான் கேட்டாள், இன்னைக்கு எந்தப் பக்கம்ப்பா என்று.