காஸ் துணி கட்டிய ரோஜாக்கள்

பூட்டு ரிப்பேர்க்காரரின் இடது காதிலிருந்து முதல் வட்டத்தை ஒரு தேனீ வெட்டிக்கொண்டு போனது, காலையில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில். ரத்தம் வரவில்லை, வலிக்கவும் இல்லை. மனிதர் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். காதைத் தடவிவிட்டு, "கூசுது" என்றார், அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் கொடியில் காய்கிற துணி தெரிந்தது.

எல்லாம் அவர் மனைவி செய்த வேலை என்று தெருவில் பேசாத ஆள் கிடையாது. நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் பேசும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது பொய் பேசவில்லை. அந்தம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், காயத்துக்குக் கட்டுப்போடுவதில் கைராசிக்காரி. வீட்டுக்குப் பின்னால் தொட்டிகளில் ரோஜா வளர்த்தார். வெயில் ஏறியதும் இலைவெட்டித் தேனீக்கள் வரும். அவை இலையைத் தின்பதில்லை. கத்தரிக்கோல் போட்டதுபோல வட்டமாக வெட்டி, ஏதாவது ஒரு துளைக்குள் கொண்டுபோய்ச் சுருட்டி வைத்து, அதற்குள் முட்டையிடும். செடிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. ஆனால் நர்ஸம்மாவுக்கு ஓட்டையைக் கண்டாலே ஆகாது, உடனே மூடியாக வேண்டும். மருந்தடித்துப் பார்த்தார். தின்னாத பூச்சியை மருந்து என்ன செய்யும்? கடைசியில் கைவந்த வேலையில் இறங்கினார். ஆஸ்பத்திரி காஸ் துணியை வாங்கி வந்து, ஒவ்வொரு கிளைக்கும் ஆபரேஷன் ஆன காலுக்குக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டார். தேனீக்கள் சில நாள் கட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு, சட்டை போடாமல் படியில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுகொண்டன.

காதைப் பார்த்ததும் நர்ஸம்மா ஓடிப்போய் அத்தனை கட்டையும் அவிழ்த்தெறிந்தார். அடக்கடவுளே, அதற்குப் பிறகு அவை ரோஜாப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. தோள், முழங்கை, முதுகு என்று பூட்டுக்காரரிடமே வந்துகொண்டிருந்தன. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரேகூட வேண்டாம்மா, நேராவே தெரியுது" என்றார். நக்கல் இல்லை, அந்த மனிதருக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. நர்ஸம்மா புருஷனைத் தலையிலிருந்து கால்வரை காஸ் துணியால் சுற்றினார். சாப்பிட வாய்க்கட்டை அவிழ்த்தபோது கீழுதட்டில் ஒரு துண்டு போனது. தையல்காரம்மா நல்ல மனசோடு ஒட்டுப்போட வந்தார். ஊசி குத்த ஓரமே அகப்படாமல் திரும்பிப் போனார்.

ஒரு நாள் நர்ஸம்மா செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டார். தேனீயின் கால்களுக்கிடையில் புருஷனுடைய ஒரு துண்டு. அடித்தால் அதுவும் சேர்ந்து நசுங்கும். ஓங்கிய கை அப்படியே நின்றது. தேனீ சாவகாசமாக அலமாரியில் இருந்த பழைய பூட்டு ஒன்றின் சாவித் துவாரத்துக்குள் போனது. பார்த்தால் எல்லாப் பூட்டிலும் அவர்தான், சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்தது. நர்ஸம்மா இடுக்கியால் ஒரு சுருளை இழுத்துப் பிரித்துப் புருஷன் காதில் வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை, சருகாக உதிர்ந்தது. உள்ளேயிருந்த வெள்ளைப் புழு தரையில் நெளிந்து செத்தது. பூட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

"ஏன்டி, அது என்ன பண்ணுச்சு உன்னை?"

"அது என்ன பண்ணுச்சா? உங்களைப் பாருங்க! எனக்கு வேற யாருங்க இருக்கா?"

"நான்தான் இருக்கேனே."

இருந்தார்தான். இன்னும் சில வருஷம் இருந்தார். வெயில் அவர் வழியாக விழுந்து, தரையில் காசு காசாகக் கிடக்கும். காற்றடித்தால் அவரிடமிருந்து மெல்லிய விசில் வரும், பக்கத்தில் படுத்திருந்த நர்ஸம்மா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகினார். ரோஜாக்களோ அந்த வருஷங்களில் வளர்ந்த மாதிரி என்றைக்கும் வளர்ந்ததில்லை. ஒரு இலையில்கூடச் சின்னக் கீறல் இல்லை. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நர்ஸம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவார். ஒரு கோடையில் மனிதர் முழுக்கப் போய்ச் சேர்ந்தார், வலது கட்டைவிரல் கடைசியாக. எடுத்துப் போக ஒன்றும் மிச்சமில்லாததால் தெருக்காரர்கள் வந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த பருவத்தில் பூட்டுகளிலிருந்து புதுத் தேனீக்கள் வெளியே வந்தன. நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். ஒரு தேனீ வந்து முழங்கையில் உட்கார்ந்தது. மணிக்கட்டுவரை நடந்து, திரும்பி நடந்தது. அவர் மூச்சு விடவில்லை. தேனீ எழும்பி ரோஜாவில் போய் உட்கார்ந்து, ஒரு இலையை வட்டமாக வெட்டத் தொடங்கியது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுவருஷமும் அப்படித்தான். இப்போது அந்த வீட்டு ரோஜாவில் ஓட்டை விழாத இலை ஒன்றுகூடக் கிடையாது. நர்ஸம்மாவின் கையில் ஒரு கீறல் இல்லை.

தையல்காரம்மா தினமும் துணி காயப்போட வரும்போது கொடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். "இன்னைக்காவது?"

"இல்லக்கா" என்பார் நர்ஸம்மா, சுருட்டிய கையை இறக்கி விட்டுக்கொண்டே. "நான் வேண்டாமாம்."