சல்லி போட்ட கோடு

அவருக்குச் சல்லி என்று பெயர் வைத்தது சைக்கிள் குழுக்காரர்கள்தான். சல்லிக்காசு பெறாதவர் என்ற அர்த்தத்தில் இல்லை. தார் ரோட்டைக் கண்டால் முகம் சுளிப்பார். சல்லிக்கல் பரப்பிய காட்டுப் பாதை எங்காவது பிரிந்தால் கேட்காமலே ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுவார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்; வீடு அதன் மாடியில். வாரம் பூராவும் ஊரார் கண்ணுக்கு லென்ஸ் தீட்டுகிறவர், ஞாயிறு விடிந்தால் மலையில் இருப்பார். எந்தச் சரிவில் மழைக்குப் பின் மண் அரித்திருக்கும், எந்த வளைவில் மரம் ஏற்றிய லாரி ஹாரன் அடிக்காமல் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. குழுவுக்கு வழி போட்டுக் கொடுப்பதும் அவர்தான். வேறு யாராவது போட்டால் அதில் ஒரு நொட்டை சொல்லாமல் விடமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் கணுக்காலை முறித்துக்கொண்டது மலையில் அல்ல, சொந்தக் கடையில். மேல் தட்டிலிருந்த பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினார். இறங்கும்போது கால் பிசகியது. கட்டுப் போட்ட டாக்டர், "சைக்கிள்ல விழுந்தீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஸ்டூல் என்று சொல்ல இவருக்கு நாக்குக் கூசியது.

விழுந்த நேரமும் சரியில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டி ஒரு பெரிய சவாரிக்கு ஏற்பாடாகியிருந்தது. இரண்டு பள்ளத்தாக்கை ஒன்றாக இணைத்துப் புது வழி போட்டிருந்தார் சல்லி. ஆற்றுப் பாலம் வரைக்கும் அவர் சக்கரம் படாத இடமில்லை. அந்தப் பக்கம் மலை முகட்டைத் தாண்டியபின் வருவதும் பழகிய பாதை. நடுவில் இருந்த துண்டை மட்டும் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு இழுத்திருந்தார். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றிருந்த வாரத்தில்தான் ஸ்டூல் குறுக்கிட்டது.

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் மனைவி.

அவள் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். அவர் ஓட்டிக் கழித்த பழைய சைக்கிளில்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். சல்லிக்குச் சிரிப்பு வந்தது.

"அது மார்க்கெட் ரோடு இல்லம்மா. காடு."

"மார்க்கெட்ல லாரியும் மாடும் குறுக்க வரும். காட்டுல அதவிட என்ன வந்துடப் போகுது?"

சனிக்கிழமை காலை, டயரில் காற்று எவ்வளவு இருக்கணும், இறக்கத்தில் எந்த பிரேக்கை முதலில் பிடிக்கணும் என்று அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

அதன்பின் சல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கலாமென்றால் அதற்கும் கால் வேண்டும். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி, போனை வெறித்துக்கொண்டிருந்தார். அவள் போகுமிடம் போனில் நீலப் புள்ளியாகத் தெரிந்தது. அவர் போட்ட கோடு சிவப்பு. சிவப்பின் மேல் நீலம் ஊர்ந்தது. ஏற்றத்தில் புள்ளி மெதுவானால் "சின்ன கியர், சின்ன கியர்" என்று போனிடம் சொன்னார். இறக்கத்தில் வேகமெடுத்தால் இவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. காபி ஆறி ஏடு கட்டியது. கீழே கடையில் யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

பாலம் தாண்டியது. அவர் பார்க்காத துண்டுக்குள் புள்ளி நுழைந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

சிக்னல் இருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். ஆனால் புள்ளி விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டேயிருந்தது. சிக்னல் இருக்கிறது, ஆள்தான் நகரவில்லை. போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எழுந்து, ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு அடுப்படிவரை போனார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். அந்த இடத்தில் பள்ளம் உண்டா? பாதை சரிந்திருக்குமோ? தெரியாது. கோடு போட்டவருக்கே தெரியாது.

மைத்துனனைக் கூப்பிட்டார். அவன் பேக்கரிக்குச் சரக்கு ஏற்றும் சின்ன வேன் ஓட்டுகிறவன்.

"மாப்ள, வண்டிய எடுத்துட்டு உடனே வா."

"என்ன மாமா, கால் வலியா?"

"உங்கக்காவக் காணோம்."

வந்தவன் போனை வாங்கிப் பார்த்தான். "காணோம்னீங்க. இதோ இருக்குதே. மூச்சு வாங்க நின்னிருக்கும் மாமா. அக்கா என்ன சின்னப் பிள்ளையா?"

"இவ்வளவு நேரமாவா மூச்சு வாங்குவாங்க? ஏத்துடா என்னை."

வேனுக்குள் ரொட்டி வாசனை. காட்டுப் பாதை தொடங்கியதும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குழியும் கட்டுக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. "அந்தக் கல்லுக்கு இடது பக்கம் ஒதுங்கு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேன் கல்மேல் ஏறி இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள் வெயிலை மறித்து நின்றன. எத்தனையோ முறை ரசித்து ஓட்டிய பாதை; அன்றைக்கு அதில் ஒன்றும் கண்ணில் படவில்லை. பாலம் எப்போது வரும் என்பது ஒன்றுதான் நினைப்பு.

பாலத்துக்கப்பால் பாதை ஒரு மரக் கேட்டில் முட்டி நின்றது. கேட்டின் மேல் சைக்கிள் சாய்ந்திருந்தது. ஹேண்டில்பாரில் செருகிய போனில் அவர் அழைத்த அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஆள் இல்லை. உள்ளே முற்றம், வைக்கோல் போர், தகரக் கொட்டகை. நாய் ஒன்று சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது.

சல்லி ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி முற்றத்தில் பாதி வந்திருப்பார். கொட்டகையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை ரத்தம்.

அவருக்குக் கண்ணைக் கட்டியது. மைத்துனன் தாங்கிப் பிடித்தான்.

"ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல. மாட்டோட ரத்தம்" என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கன்னு கால் மடங்கிச் சிக்கிக்கிச்சு. எங்க டாக்டருக்குப் போன் பண்ணா வர நேரமாகும்னாரு. நானும் இந்தப் பண்ணைக்கார அம்மாவும்தான் இழுத்தோம். இப்பதான் எழுந்து நிக்கப் பாக்குது. நீங்க ஏன் இந்தக் காலோட வந்தீங்க?"

"போன் எடுக்கல" என்றார்.

அவளுக்குப் பின்னாலேயே பண்ணைக்கார அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டுப் போட்ட காலையும் சல்லியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரரா? நல்லதாப் போச்சு. இந்தம்மா போன்ல ஒரு கோடு காட்டுச்சு. நேரா என் முத்தத்து வழியா ஓடுது. எவன் போட்டான்னு கேட்டேன், சிரிச்சிக்கிட்டே இருக்குது."

"நான்தாங்க போட்டேன்" என்றார் சல்லி. "மேலேர்ந்து பாத்தா ரோடு மாதிரி இருந்துச்சு."

"மேலேர்ந்து பாத்தா என் கூரை தெரியலியா?"

மைத்துனன் திரும்பி நின்று இருமினான். சல்லி தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். நல்லவேளை, அந்த அம்மாள் அதற்குமேல் அவரை வாட்டவில்லை. கன்று பிழைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கை காட்டினாள். முன்பு மரம் வெட்டியபோது கட்டைகளை இழுத்துக்கொண்டு போன பாதை ஒன்று மேட்டில் ஏறுகிறது, வேலிக்கு வெளியிலேயே சுற்றிக்கொண்டு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் என்றாள்.

மனைவி கையைக் கழுவிவிட்டு நேராகச் சைக்கிளிடம் போனாள்.

"எங்க போற? வண்டியில ஏறு" என்றார் சல்லி.

"இவங்க சொன்ன வழியப் பாக்க வேணாமா?"

"ஆளில்லாத பாதை. எப்படி இருக்கும்னே தெரியாது."

"உங்க கால் நல்லா இருந்தா நீங்க போவீங்கதானே?"

"போவேன்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள். தள்ளிக்கொண்டே கொஞ்சம் ஏறி, பிறகு உட்கார்ந்து மிதித்து, மரங்களுக்குள் போய்விட்டாள்.

வேன் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு மலையின் மறுபக்கம் போய்க் காத்திருந்தது. அங்கே புள்ளியும் இல்லை, சிக்னலும் இல்லை. சல்லி இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். "மாமா, உக்காருங்களேன், எனக்கே தலை சுத்துது" என்றான் மைத்துனன். மரத்துக்குள் எங்கோ கல் உருண்டால் நிமிர்ந்தார். காட்டுக்கோழி அது.

கடைசியில் அவள் வந்தபோது அவர் எதிர்பார்த்த மாதிரி சோர்ந்து வரவில்லை. சல்லிக்கல்லைத் தெறிக்கவிட்டுக்கொண்டு இறங்கி, நிறுத்த முடியாமல் அவர்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்தாள். முகமெல்லாம் சேறு. முழங்காலில் சிராய்ப்பு.

"ஏத்தம் எப்படி? கல்லு பெருசா, சின்னதா? தண்ணி தேங்கியிருக்கா? நாப்பது பேர் போகலாமா?"

"போகலாம். ரெண்டு இடத்துல இறங்கித் தள்ளணும்." அவள் தண்ணீர் குடித்தாள். "மேல ஒரு இடத்துல நின்னேங்க. ரெண்டு பக்கமும் காடு கீழ போகுது..."

"ம்."

"எனக்குச் சொல்லத் தெரியல" என்று நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் 'எப்படி இருந்துச்சு' என்று அவள் கேட்டபோதெல்லாம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அவளும் அதோடு விட்டுவிடுவாள். இன்றைக்கு இவருக்கு அப்படி விட முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இடத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சவாரி அவள் வழியில்தான் நடந்தது. முன்னால் வழிகாட்டிப் போனதும் அவளே. சல்லி வேனில் டியூபும் பம்ப்பும் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். கட்டை இழுத்த பாதை தொடங்குமிடத்தில் வேன் நின்றது. கடைசி சைக்கிளும் மேட்டில் மறைந்தது. பேச்சும் சங்கிலிச் சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு அதுவும் நின்றது.

சல்லி ஊன்றுகோலை எடுத்தார்.

"மாமா, எங்க?"

"சும்மா, பாத்துட்டு வரேன்."

சல்லிக்கல்லில் ஊன்றுகோல் வழுக்கியது. பத்தடி ஏறி நின்றார், மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். அக்குள் எரிந்தது. பின்னால் வந்த மைத்துனன் சட்டையைப் பிடித்தான்.

"போதும் மாமா. டாக்டர் என்னைத்தான் கொல்லுவாரு."

"விடுடா" என்றார் அவர். "அந்த வளைவு வரைக்கும்."

வளைவு வந்தது. அதற்கு மேலும் மரங்கள்தான், பாதை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நிற்கவில்லை.