களத்து வைக்கோல்

அருள்பாண்டிக்கு ஊர் வைத்த பெயர் 'பைலட்டு'. விமானப்படையில் பதினாறு வருஷம் அவன் பார்த்த வேலை ஹெலிகாப்டர் எஞ்சினைக் கழுவுவது. அது பொண்டாட்டி முனீஸ்வரிக்கு மட்டும் தெரியும். "எருமையக் குளிப்பாட்டியிருந்தா பாலாச்சும் கெடச்சிருக்கும்" என்பாள்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் கண்மாய் உடைந்து, சோழவந்தானுக்கு மேற்கே அவர்கள் ஊர் தீவாகிப் போனது. முனீஸ்வரிக்கு நிறைமாதம். இரண்டு நாளாக வலி, விடியலிலிருந்து ரத்தம். ஹெலிகாப்டர் வருவதாகத் தகவல் வந்தது. தண்ணீருக்கு மேலே தெரிந்தது நெல்லடிக்கும் களம் ஒன்றுதான். "ஒரு தூசி கெடக்கக் கூடாது, கூட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கிவர ஓடினான்.

கட்டிலோடு திரும்பியபோது சத்தம் தலைக்கு மேல் வந்துவிட்டது. களம் முழுக்க வைக்கோல். சகதியில் வண்டி புதைந்தால் வைக்கோல் போடுவதுதானே வழக்கம்? முனீஸ்வரியின் தம்பி நல்லகாமன் வைக்கோல் படப்பைப் பிரித்து, நனையாத உள்வைக்கோலாகப் பார்த்துப் பரப்பியிருந்தான்.

"அக்காவுக்காக மெத்தையே போட்டுட்டேன் மச்சான்!"

விசிறிக் காற்றில் வைக்கோல் எழும்பியது. ஒற்றை எஞ்சின், உச்சியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு பிடி வைக்கோல் உள்ளே போனால் மூச்சடைத்து அணைந்துவிடும். உயரத்தில் அணைந்தால் விசிறி சுற்றுகிற சுற்றிலேயே மெல்ல இறக்கிவிடலாம். பனைமர உயரத்தில் அணைந்தால் கல்தான்.

உள்ளே இரண்டு பேர். கீழே கட்டிலைச் சுற்றி இருபது பேர்.

அருள்பாண்டி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வீசினான். போ, போ.

ஹெலிகாப்டர் மேலேறிவிட்டது.

"என்னங்க, போகச் சொல்றீக?" என்றாள் முனீஸ்வரி.

"சுத்திட்டு வருவாக புள்ள."

ஆட்கள் வைக்கோலை வாரித் தண்ணீரில் எறிந்தார்கள். ஹெலிகாப்டர் இரண்டு வட்டமடித்தது. அதற்குள் மேகம் இறங்கிவிட, மதுரைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் அவளும் போனாள், பிள்ளையைக் காட்டாமலே.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் நல்லகாமன் ஊர் முன்னால் அவன் சட்டையைப் பிடித்தான். "எறங்க வந்தத வெரட்டி விட்டியே! பெரிய பைலட்டு! சொல்லு மச்சான், ஏன்?"

மச்சினன் தலைமுடியில் இன்னும் ஒரு வைக்கோல் ஒட்டியிருந்தது. அருள்பாண்டி அதை எடுத்து விரலுக்குள் சுருட்டிக்கொண்டான்.

"எனக்கு என்ன மாப்ள தெரியும்?" என்றான். "நான் எஞ்சினு கழுவுனவன்."