மேலிடம் படித்துக்கொண்டிருக்கிறது

என் ஒன்பதாவது நாவல் அச்சாகி வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், நான் ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் எங்கள் பயிற்சிப் பள்ளிக் காருக்குள் உட்கார்ந்து பத்தாவது நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பத்தொன்பது வருடமாக அதுதான் பிழைப்பு. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் மேடம். கற்றுக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை நான் கொஞ்சம் தாராளமாகவே மிதிப்பேன்.

மாணவர் வரிசையில் நின்று, அங்கேயே கொடுக்கிற காரில் தேர்வு முடித்து, முகம் மலர்ந்தோ தொங்கியோ திரும்பி வர நாற்பது நிமிடமாவது ஆகும். அந்த நாற்பது நிமிடங்களில் எழுதியவைதான் என் நாவல்கள் அத்தனையும். பதிப்பகம் கிடையாது. எழுதுவது, பக்கம் அமைப்பது, அட்டைக்குப் படம் தேடுவது, அச்சுக்கு அனுப்புவது, வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவது எல்லாம் நானே. முதல் நாவலை மட்டும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். பதினோரு மாதம் கழித்து "நன்றாக இருக்கிறது, ஆனால்" என்று ஆரம்பித்து ஒரு கடிதம் வந்தது. ஆனாலுக்குப் பிறகு என்ன இருந்தது என்று நான் படிக்கவில்லை. அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது.

கணவர் போனில் கூப்பிட்டார்.

"பெட்டி வந்துடுச்சு."

"பிரிச்சீங்களா?"

"நான் எங்க பிரிச்சேன். மேலிடம் பிரிச்சுடுச்சு. இப்ப ரூம்ல உக்காந்து படிச்சுட்டு இருக்கு."

மேலிடம் என்பது அவருடைய அக்கா, என் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரில் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மேலிடம் என்பது நானும் கணவரும் எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். ஜன்னல் திரையின் நிறம் முதல் துவைக்கிற சோப்பு வரை அவர் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்காது. யார் பெயருக்குப் பார்சல் வந்தாலும் பிரிப்பது அவர்தான். குளிக்கிறவர் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் திறந்தால் கதவைத் தட்டுவார்.

ஆனால் என் எட்டு நாவல்களுக்கும் முதல் வாசகி அவர்தான். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். "இந்த ஆள் இப்படிப் பேசமாட்டார்" என்று ஓரத்தில் எழுதுவார். எனக்கு சுர்ரென்று கோபம் வரும். மறுநாள் காரில் உட்கார்ந்து யோசித்தால் அந்த ஆள் அப்படிப் பேசவேமாட்டார் என்று எனக்கே தெரிந்துவிடும். ஒன்பதாவது நாவலை மட்டும் நான் அவர் கண்ணில் காட்டவில்லை. காரணம், அதில் அவரே இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் கணவர். "ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பாத்தேன். எப்பவும் பேரை மாத்திடுவியே. இதுல மேலிடம்னே போட்டிருக்கியே, பரவாயில்லையா?"

நின்றுகொண்டிருந்த காரில் நான் பிரேக்கை மிதித்தேன்.

என் வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். யாருடைய பேச்சைத் திருடுகிறேனோ, அவருடைய பட்டப்பெயரையே முதல் பிரதியில் பாத்திரத்துக்கும் வைத்துவிடுவேன். வேறு பெயர் வைத்தால் ஆள் வாயைத் திறப்பதில்லை. கதை முடிந்த பிறகு உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் மாற்றி, உயரத்தைக் கூட்டி, கண்ணாடியைக் கழற்றி, அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவேன். என் பல் டாக்டர் ஒரு நாவலில் கடத்தல்காரர். எதிர்வீட்டு அம்மா இரண்டு நாவல்களில் வருகிறார், இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு "இப்படியும் ஒரு பொம்பளையா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். கணவரை ஒரு நாவலில் கொன்றே போட்டேன். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த முறையும் மாற்றத்தான் செய்தேன். மாற்றிய பிரதி கணினியில் பத்திரமாக இருந்தது. அச்சகத்துக்கு நான் அனுப்பியது மாற்றாத பிரதியை. வழக்கமாக அச்சகத்திலிருந்து மாதிரிப் புத்தகம் வந்தால் நாத்தனார் வரி விடாமல் பார்ப்பார். இந்த முறை அவருக்குத் தெரியாமல் பள்ளி முகவரிக்கு வரவழைத்து, அட்டையை மட்டும் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து மறைக்கப்போய், அவர் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்திருக்கக்கூடிய தப்பு ஐம்பது பிரதிகளில் ஏறிவிட்டது.

மாணவர் திரும்பி வந்து கதவைத் திறந்தார். லிப்ட் பழுது பார்ப்பவர், நாற்பது வயது, தேர்வுக்கு வந்தது மூன்றாவது முறை.

"பின்னாடி எடுக்கும்போது கம்பத்துல இடிச்சுட்டேன் மேடம்."

"நானும்தான்," என்றேன். "ஏறுங்க, போலாம்."

வீட்டுக்குப் போனால் நாத்தனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்த நாவலில் அவர் எப்படி வருகிறார் என்று நினைத்துப் பார்த்தேன். பார்சல் பிரிக்கிறார். குளியலறைக் கதவைத் தட்டுகிறார். கழுவி அடுக்கிய பாத்திரத்தை மறுபடி அடுக்குகிறார். கல்யாண அழைப்பிதழில் பிழை திருத்தி, அழைத்தவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். எழுதும்போது நான் தனியாகக் காரில் சிரித்திருக்கிறேன். இப்போது ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை.

மாலையில் வெளியே வந்தார். நேராகப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

"அக்கா, அந்தப் புத்தகம்..."

"படிச்சுட்டு இருக்கேன்," என்று உள்ளே போய்விட்டார்.

இருநூற்றுப் பத்துப் பக்கம். அவர் ஒரே மூச்சில் முடிக்கிற அளவுதான். ஆனால் மறுநாளும் படித்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரங்களைத் தாறுமாறாக அடுக்கிப் பார்த்தேன், அவர் தொடவில்லை. கணவர் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் குளித்தார், கதவு தட்டப்படவில்லை. அந்த அமைதியில் எனக்கு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இனிமேல் நான் எழுதுவதைப் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயம். புத்தகம் வாங்கியவர்கள் பாராட்டுவார்கள். அவர் ஒருவர்தான் என்னைப் படித்தார்.

"நீங்களாவது போய்ப் பேசுங்களேன்," என்றேன் கணவரிடம்.

"ரெண்டாவது நாவல்ல என்னைக் கொன்னியே, நான் ஏதாவது பேசினேனா?" என்றார் அவர். இத்தனை வருடம் தெரிந்தே வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

சனிக்கிழமை நூலகத்தில் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. எழுத விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லவேண்டும் என்று நூலகர் இரண்டு மாதம் முன்பே கேட்டிருந்தார். நான் அழகாக ஒரு உரை தயாரித்து வைத்திருந்தேன். விடியற்காலையில் எழுந்திருப்பேன், ஜன்னலோரம் அமர்வேன், பறவைகள் கூவும், மனம் தெளிந்த ஓடையாக இருக்கும் என்றெல்லாம். அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.

பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கும்போது பத்தாவது ஆளாக நாத்தனார் உள்ளே வந்தார். கையில் என் புத்தகம். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், எப்படி எழுந்திருப்பேன் என்று நன்றாகத் தெரிந்தவர். உரையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நான் காருக்குள்ள எழுதறவ," என்று ஆரம்பித்தேன். "நாற்பது நிமிஷம் கிடைக்கும். அந்த நேரத்துல மனசு நல்லாருக்கா இல்லையான்னு நான் கேக்கறதில்ல. மாணவர் ஃபெயிலாகி வர்றதுக்குள்ள ஒரு பக்கம் ஆகணும், அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஒருவர், பதினொரு நாவலுக்குக் கதை வைத்திருப்பதாகவும் எதை முதலில் எழுதுவது என்று குழம்புவதாகவும் சொன்னார். எத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார். "அப்ப உங்ககிட்ட ஒரு கதையும் இல்லீங்க, பதினோரு தலைப்பு இருக்கு. ஏதாவது ஒண்ணைக் கெடுக்க ஆரம்பிங்க," என்றேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் எழுதிக்கொண்டார். ஒரு செவிலியர், உரையாடல் எப்படி வருகிறது என்று கேட்டார். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு பேசுவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் மனதில் உள்ளது அப்படியே வந்துவிடும், நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றேன். முடிக்கிற வரை யாரிடமும் கதையைச் சொல்லாதீர்கள், சொல்லிவிட்டால் எழுதுகிற ஆசை போய்விடும் என்றேன். முடித்த பிறகு உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள் என்பதை மட்டும் கடைசி வரிசையைப் பார்க்காமல் சொன்னேன்.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது. நாத்தனார் எழுந்து நின்றார். முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி, "உங்ககிட்ட ஒரு கேள்வி," என்றார்.

"கேளுங்க."

"இந்தப் புத்தகத்துல கடைசி அத்தியாயத்துல, வீட்டுல எல்லாரையும் அதட்டிட்டு இருக்கற அந்தப் பொம்பளை, ஒருநாள் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடறா. குடும்பமே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, அழுது, திரும்பக் கூட்டிட்டு வந்துடறாங்க. அவளும் வந்துடறா. அவ எங்க போறதுக்குக் கிளம்பினா? எழுதினவங்களுக்குத் தெரியுமா?"

அவருடைய மாத்திரைகளின் பெயர் எனக்குத் தெரியும். எந்தச் செய்தியைப் படித்தால் எந்த மாதிரி உச்சுக் கொட்டுவார் என்று தெரியும். அவர் எங்கே போக ஆசைப்படுவார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"தெரியாது," என்றேன். "அவங்க எங்க போறாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல. அவங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னுதான் யோசிச்சேன். அதனால அவசர அவசரமா கூட்டிட்டு வந்துட்டேன்."

ஒன்பது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து காரில் ஏறினோம். சாவியைப் போடுவதற்குள் அவர் கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து என் மடியில் வைத்தார். பதினான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

"ரெண்டு நாளா இதைத்தான் எழுதிட்டிருந்தேன். கடைசி அத்தியாயம். படி."

"அக்கா, அந்தப் பேரு... நாங்க விளையாட்டுக்கு..."

"மேலிடம்தானே. இருபது வருஷமா தெரியும். நல்ல பேருதான், மாத்தாதே. முதல்ல படி."

படித்தேன். அவர் எழுதியதில் அந்தப் பெண் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். கடற்கரை ஊர் ஒன்றில் மாடி அறை எடுக்கிறாள். முதல் நாள் முழுக்க நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை, யாரையும் அதட்ட வேண்டியதில்லை. மத்தியானம் தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறாள். குடும்பம் ஓடி வருகிற காட்சியே கிடையாது. தம்பி மனைவி ஒருத்தி மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை வருகிறாள். எந்த சீட்டில் உட்கார்வது என்று அவளோடு சண்டை போட்டு, ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்து, பெட்டியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்புகிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, கூடவே பொறாமையாகவும் இருந்தது. எட்டு நாவல்களில் நான் முட்டி மோதிக் கற்றதை இந்த அம்மாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தே கற்றிருக்கிறார். அந்தத் தம்பி மனைவிக்கு அவர் பிரேக் என்று பெயர் வைத்திருந்தார்.

"பேரை மாத்த மறந்துட்டீங்க," என்றேன்.

"மறக்கல."

தாள்களை மறுபடி மடித்தேன். பிறகு கேட்டுவிட்டேன். "அக்கா, நிஜமாவே எங்கயாவது போகணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு. எழுதினதுல பாதி தீந்துடுச்சு."

"மீதி?"

"அடுத்த மாசம் போறேன். ரூம் பேசிட்டேன், கடலைப் பார்த்த ரூம். ஒரு நாவல் மனசுல இருக்கு. பஸ்ஸுல ஏத்திவிட நீதான் வரணும்."

"ஒரு வாரம்தானே அக்கா?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். "முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் எதையும் சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன," என்றார்.