நான்கு விரல் உயரம்

1

இந்தக் கதை ஒரு கனவில் வந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் இது எடுக்காத போன் அழைப்புகளில் பிறந்தது. எங்கள் குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அவரைத் திட்டுவதற்காக மனதுக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் வீணாகிக் கிடந்தன. அவற்றைத்தான் தட்டி நிமிர்த்தி இங்கே பயன்படுத்துகிறேன்.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்… (வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

2

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கையாலும் காலாலும் சக்கர நாற்காலியைத் தள்ளி வீட்டுக்குள் எங்கும் போய்விடுவார். குளியலறைக்கு மட்டும் முடியாது. வாசலில் ஒரு படி இருந்தது.

"யாரும் கூட நிக்காம, கதவைச் சாத்திட்டு நானே குளிக்கணும்டா" என்றார். வேறெதுவும் அவர் கேட்டதில்லை. அதற்காகத்தான் எல்லாவற்றையும் இடித்தோம்.

படியே இல்லாத குளியலறையிலிருந்து தண்ணீர் ஏன் வெளியே வருவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தரை கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்திருக்க வேண்டும். வாசலில் மேடு, எதிர்மூலையில் வடிகால் இருக்குமிடத்தில் பள்ளம். வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது யாரையும் கேட்காமல் வடிகாலுக்குப் போய்ச் சேர வேண்டும். தண்ணீருக்கு வழி காட்டிவிட்டால் போதும், தடுக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் வரைந்தே கொடுத்தேன். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம் சார்" என்பதால் ஒப்பந்தக்காரருக்கு எங்கள் வீட்டில் பெயரே பாத்துக்கலாம். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

3

வேலை முடியும்வரை தங்கை வீட்டில் இருந்தோம். திரும்பி வந்ததும் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனார். முன்சக்கரங்கள் எதிலோ இடித்தன. பின்னால் வந்து, வேகம் கூட்டி, மறுபடியும் இடித்தார். வாசலில் பளபளவென்று ஒரு கருங்கல் படி. நான்கு விரல் உயரம். பழையதைவிட உயரம்.

போன் செய்தேன். (அன்று எடுத்தார்.)

"என்னங்க இது?"

"படி சார்."

"படி கூடாதுன்னுதானே இடிச்சதே?"

"படியில்லாத பாத்ரூமை எந்த மேஸ்திரி சார் கட்டுவாரு? தண்ணி ஹாலுக்கு வந்தா எங்களைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. கல்லுக்குத் தனியா ஒண்ணும் கேக்கல பாத்தீங்களா? பெரியவருக்காக நானா போட்டது."

"பெரியவரால அதைத் தாண்ட முடியாதுங்க!"

"பாத்துக்கலாம் சார்."

(இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். கழுத்தில் தடித்த சங்கிலி, பொய்ச் சிரிப்பு என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் ஏமாற்றவில்லை. படி வைக்காமல் விடுவது அவர்கள் தொழிலில் மானக்கேடு. நல்லது செய்ததாகவே இன்னமும் நம்புகிறார். வில்லன் என்றால் மிரட்டலாம், கெஞ்சலாம். இவரிடம் போய் நான் எதை…)

4

படியை உடைத்து எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பார்த்தேன். அது வடிகால் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு ஓடிவந்து படியில் முட்டி நின்றது. படி இருக்கிறதே என்ற தைரியத்தில் மேஸ்திரி சாய்வைக் கவனிக்கவே இல்லை. சாய்வை மாற்ற வேண்டுமானால் ஓடு, அதன் கீழே கலவை, அதற்கும் கீழே நீர் கசியாமலிருக்கப் பூசிய பூச்சு எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்.

வெளியே சாய்தளம் போடலாமா? நாற்காலி ஏற, உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும். குளியலறைக்கு முன்னால் இருக்கும் குறுகிய நடை அதற்குள் சமையலறைச் சுவரில் முட்டிவிடும்.

வேறு ஆளைக் கூப்பிட்டோம். குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.

"யாரு வேலை சார் இது?"

சொன்னேன். நிமிர்ந்துவிட்டார்.

"இன்னொருத்தர் போட்ட தரையில நாங்க கை வைக்கிறதில்ல சார். நாளைக்குக் கீழ்வீட்டுல ஒழுகினா யாரு பொறுப்பு? போட்டவரையே கூப்பிடுங்க."

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். (அதற்கடுத்து வந்தவரை எழுதவில்லை. அவரும் அதேதான்.)

5

முதல் முடிவு: பாத்துக்கலாம் மனம் மாறி, தானே உளியோடு வந்து நிற்கிறார். (இதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, பேய்க்கதையா எழுதறீங்க?")

இரண்டாவது முடிவு: நானே சுத்தியலை எடுக்கிறேன். பூச்சு பிளக்கிறது, கீழ்வீட்டுக் கூரை நனைகிறது, அவர்கள் மேலேறி வந்து…

இதற்கிடையில் அப்பாவைக் கட்டிலில் வைத்தே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நேற்று அப்படித் திரும்பிக் கிடந்தபடியே கேட்டார்:

"இதைப் பத்தித்தான் எழுதறியாமே?"

"ஆமாப்பா."

"அதுலயாவது அந்தப் படியை எடுத்துர்றா."

6

எடுத்தேன். ஒரே வாக்கியம்தான்: மறுநாள் காலை படி இல்லை. அப்பா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுத்த வாக்கியத்தில் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே வந்தது. நான் அதை வரவழைக்கவில்லை. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். தெரிந்தபிறகு வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. கூடம் முழுக்க நனைந்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. குழாயை மூடிவிட்டு, யாரையும் கூப்பிடாமல், உள்ளேயே இருந்தார். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவரும் வாக்கியம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

7

ஆறாம் பகுதி இருந்த தாளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். ஒற்றைக் கையால் தாளைப் புரட்டிப் புரட்டி மெதுவாகத்தான் படிக்கிறார். இப்போது மூன்றாம் பகுதியில் இருக்கிறார். நான் ஏதோ செய்திருப்பேன் என்று நம்பிப் படிக்கிறார்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்தச் சாய்வைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, அவர் இங்கே வந்து சேர்வதற்குள் நீங்கள் ஏதாவது எழுதிவிடுங்கள்.